இருபது பேருக்கு மேல் கூடாது

தம்பியின் போனுக்கு மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஆனந்தவள்ளி கட் செய்துவிட்டு மறுபடியும் போட்டாள். எடுக்க மாட்டான் என்று அவளுக்கே தெரியும். சுரேஷ்குமார் ஓட்டிக்கொண்டு போன ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தன. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் அவை ‘முகக்கவசம் அணியுங்கள்’ என்று அலறிக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் அடிப்பது யாருக்குக் கேட்கும்?

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வரகனேரி வீட்டுக் கூடத்தில், நாற்காலியில் சாய்ந்தபடியே இறந்து போயிருந்தார்.

காலையில் அவள் கணவர் அழகர்சாமி நன்றாகத்தான் இருந்தார். இட்லி சாப்பிட்டார். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டார். பேப்பரை விரித்து, மாவட்டவாரியாகத் தொற்று எண்ணிக்கை போட்டிருக்கும் பக்கத்துக்குப் போனார். இரண்டாவது அலை தொடங்கியதிலிருந்து பேப்பரில் அவர் வேறெதையும் படிப்பதில்லை. படித்துவிட்டு வாசலுக்குப் போவார். எதிர்வீட்டு மீரானும் தன் வாசலுக்கு வந்திருப்பார். குறுகலான அந்தத் தெருவில் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு கிரிக்கெட் ஸ்கோர் பேசுவதைப் போல அதைப் பேசுவார்கள். எண்ணிக்கை ஏறினால், நான் அப்போதே சொன்னேன் என்பார்கள். இறங்கினால், மறைக்கிறார்கள் என்பார்கள். மீரானுக்குப் பெரிய கடைவீதியில் செருப்புக் கடை. ஊரடங்கில் பூட்டிக் கிடந்தது. அழகர்சாமிக்கு மைக் செட். சமயபுரத்தில் தேர் இல்லை, பூச்சொரிதலுக்குக் கூட்டம் இல்லை. கல்யாணமும் காதுகுத்தும் வீட்டுக்குள்ளேயே முடிந்தன. அந்த எண்ணிக்கையை விட்டால் இரண்டு பேருக்கும் வேறு வியாபாரம் இல்லை.

மாநகராட்சிக்காக ஆட்டோவில் அறிவிப்பு செய்யும் வேலை கிடைத்ததால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. எழுதிக் கொடுத்ததை அழகர்சாமியே தன் கனத்த குரலில் பேசிப் பதிவு செய்தார். மச்சினன் ஆட்டோ ஓட்டினான்.

“தஞ்சாவூர்க்காரன் நம்மளத் தாண்டிட்டான் பாரு” என்றார் அன்றைக்கு. ஆனந்தவள்ளி காபியோடு வெளியே வந்தபோது பேப்பர் தரையில் கிடந்தது. அவர் கை நெஞ்சின் மேல் இருந்தது. தஞ்சாவூரைப் பற்றி மேற்கொண்டு சொல்ல வந்தவரைப் போலவே வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

தெருமுனை கிளினிக் டாக்டர் வந்தார். அந்தக் கோடை வெயிலில் தலை முதல் கால் வரை நீல உடுப்பு மாட்டிக்கொண்டு, விண்வெளிக்குப் போகிறவர் போல வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். மாரடைப்புதான், ரொம்ப நாளாகப் பிரஷர் இருந்தவர்தானே என்றார். ஆனால் எழுதித் தர முடியாது என்றார். அறிவிப்பு வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் முந்தாநாள்தான் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அதன் முடிவு வர வேண்டும்.

“வரலைன்னா?” என்று கேட்டாள் ஆனந்தவள்ளி.

“சாயந்திரம் வரைக்கும் பார்ப்போங்க. வரலைன்னா கார்ப்பரேஷன் ஆளுங்களே வந்து பிளாஸ்டிக்ல சுத்தி எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க யாரும் தொட முடியாது.”

டிவியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அழகர்சாமி, கொரியர் பார்சல் மாதிரி கட்டுறான் பாரு என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனந்தவள்ளி அவர் வாயை மெதுவாக மூடிவிட்டாள். குளிப்பாட்டாமல், நெற்றிக்கு விபூதி வைக்காமல், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை போடாமல் இந்த மனிதரை அனுப்ப மாட்டேன் என்று அப்போது முடிவு செய்தாள். எப்படி என்று தெரியவில்லை. படுக்க வைப்பதற்கே இடம் இல்லை. திருவிழா இல்லாததால் வீட்டுக்கு வந்து சேர்ந்த பெட்டி ஸ்பீக்கர்களும் வயர்ச் சுருள்களும் சீரியல் லைட்டுகளும் கூடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அழகர்சாமி நேற்று மாலை தும்மியதை எல்லோரும் நினைவுபடுத்திக்கொண்டார்கள். ஆனந்தவள்ளி மிளகாய் வறுத்ததால் வந்த தும்மல் அது. பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் நேரில் வராமல் போனில் அழுதாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் என்பதால் அந்த அழுகை சுவர் வழியாக முதலிலும் போன் வழியாகக் கொஞ்சம் தாமதித்தும் கேட்டது.

கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள் சந்திரம்மாள்.

ஆனந்தவள்ளி ஒரு கணம் யோசித்தாள். “முருகான்னாருங்க” என்றாள்.

புண்ணியாத்மா என்று சுவரும் போனும் சேர்ந்து அழுதன.

வாசலில் நிழல் ஆடியது. மீரான் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் இரண்டு மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடி இறக்கிய ஹெல்மெட், கையில் பெருநாள் சமையலுக்குக் கறி பிசையும்போது போடுகிற பிளாஸ்டிக் உறை. எதிர்வீட்டு மாடியிலிருந்து அவர் மனைவி கமர் ஜஹான், உங்களுக்குச் சுகர் இருக்கு, உள்ளே போகாதீங்க என்று கத்தினாள். அடுத்த நிமிடமே, போறதுன்னா இதையும் எடுத்துட்டுப் போங்க என்று சானிடைசர் புட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள்.

“அண்ணனை நாற்காலியிலேயே வெச்சிருக்க முடியாதும்மா. நீங்க காலைப் பிடிங்க” என்றார் மீரான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. இருவரும் ஸ்பீக்கர்களைத் தள்ளிப் பெஞ்சைப் போட்டுக் கிடத்தினார்கள். இரண்டு பெரிய கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவில் அழகர்சாமி ஏதோ கச்சேரிக்குத் தயாராகப் படுத்திருப்பதைப் போல இருந்தார். மீரானின் ஹெல்மெட் கண்ணாடி உள்பக்கம் பனி பிடித்துவிட்டது. வேர்வையா வேறெதுவுமா என்று தெரியவில்லை. அவரும் கழற்றித் துடைக்கவில்லை.

துறையூரிலிருந்து மகள் மணிமேகலை வர வேண்டும். ஊரடங்கில் பயணம் செய்ய மாப்பிள்ளை இ-பதிவுக்கு விண்ணப்பித்திருந்தான். காரணம் என்ற இடத்தில் ‘இறப்பு’ என்று போட்டதும் அது சான்றிதழ் கேட்டது. சான்றிதழுக்கு டாக்டர் எழுத வேண்டும். டாக்டருக்குப் பரிசோதனை முடிவு வர வேண்டும். மாமனார் இறந்ததை நிரூபிக்க நான் என்ன செய்யட்டும் என்று மாப்பிள்ளை போனில் அழாத குறையாகக் கேட்டான். கடைசியில், காய்கறி வண்டியை யாரும் நிறுத்துவதில்லை என்று சொல்லிச் சின்ன வெங்காயம் ஏற்றிய வேனில் ஏறிவிட்டார்கள். மத்தியானம் மணிமேகலை வந்து இறங்கியபோது தலைமுடியெல்லாம் வெங்காயச் சருகு. அப்பா என்று அலறிக்கொண்டு ஓடிவந்தவள் மேலே விழுந்தாள். வெங்காய வாடையில் மீரானுக்கும் கண் எரிந்தது. அவளை ஒதுங்கி நிற்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பனிப்பெட்டிக்காரன், ரிசல்ட் வந்தால்தான் பெட்டி என்று சொல்லிவிட்டான். ஐஸ் பாளம் கொண்டுவந்து பெஞ்சுக்கு அடியில் வைத்தார்கள். அது கரைந்து கூடத்தில் ஓடியது. ஆனந்தவள்ளி துணி போட்டு ஒற்றிப் பிழிந்துகொண்டே இருந்தாள். வேலை இருந்ததால் அழாமல் இருக்க முடிந்தது. மூன்று மணி வாக்கில் அழகர்சாமியின் போன் அடித்தது. சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். அழகர்சாமிங்களா என்று கேட்டாள்.

“அவர் வீட்டம்மா பேசுறேங்க.”

அவருக்கு நெகட்டிவ் வந்திருக்கிறது, கவலைப்பட வேண்டாம், நல்லாச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண்.

“சரிங்க. சொல்லிடறேன்” என்றாள் ஆனந்தவள்ளி.

நெகட்டிவ் என்ற சொல் தெருவில் எப்படிப் பரவியது என்று சொல்ல முடியாது. சாத்தியிருந்த ஜன்னல்கள் திறந்தன. பிறகு கதவுகள். சந்திரம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு முதல் ஆளாக ஓடிவந்து ஆனந்தவள்ளியைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை தண்ணீர் ஊற்ற, மாமனாரைக் குளிப்பாட்டினார்கள். விபூதியும் வெள்ளைச் சட்டையும் அவள் நினைத்தபடியே நடந்தன. அதற்குள் பின் தெருவிலிருந்தும், பாலக்கரைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அழகர்சாமியை முன்பின் பார்க்காதவர்கள்கூட வந்தார்கள்.

ஏன் வருகிறார்கள் என்று முதலில் ஆனந்தவள்ளிக்குப் புரியவில்லை. அழுகையைக் கேட்டபோதுதான் புரிந்தது. ஒருத்தி, உன் மூஞ்சியைக்கூட காட்டலையே அண்ணா என்று அழுதாள். அவளுடைய அண்ணன் போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்தே சுடுகாட்டுக்குப் போனவன். கடைசி வீட்டுக்காரர் தன் அம்மாவைச் சொல்லி அழுதார். தொட்டு அழுவதற்கு அந்த வட்டாரத்தில் ரொம்ப நாளாக ஒரு சாவு கிடைத்திருக்கவில்லை. எல்லோரும் அழகர்சாமியின் காலைப் பிடித்துக்கொண்டு அவரவர் ஆட்களுக்காக அழுதார்கள். அவர் எல்லோருக்கும் பொதுவாகப் படுத்திருந்தார். ஆனந்தவள்ளி சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள்.

அப்போதுதான் போலீஸ்காரர் பைக்கில் வந்தார். தெரு நிறைந்திருந்தது.

“சாவுக்கு இருபது பேருக்கு மேல கூடாதுங்க. தெரியும்ல? மத்தவங்க கிளம்புங்க” என்றார்.

யாரும் கிளம்பவில்லை. எல்லோருக்கும் தான் அந்த இருபதில் ஒருவர் என்ற எண்ணம். நான் தாய்மாமன் முறை என்றார் ஒருவர். நாற்பது வருடம் பக்கத்துச் சுவர் என்றாள் சந்திரம்மாள். பின்னாலிருந்து ஒருவர் மிகுந்த மரியாதையோடு ஒரு சந்தேகம் கேட்டார்.

“சார், இருபதுங்கிறது இறந்தவரையும் சேர்த்தா, சேர்க்காமலா?”

போலீஸ்காரர் வாயைத் திறந்தார். யோசித்தார். ஆர்டரில் அது தெளிவாக இல்லை போலிருந்தது. இரவு பகலாக ரோட்டில் நின்று கறுத்துப் போயிருந்த முகம் அவருக்கு. லத்தியைத் தரையில் ஊன்றி, மறுபடியும் முதலிலிருந்து தலைகளை எண்ணத் தொடங்கினார்.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் குரல் கேட்டது.

“பொதுமக்களின் அன்பான கவனத்திற்கு.”

அழுகை நின்றது. ஸ்ரீரங்கத்துத் தெருக்களையெல்லாம் முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் சுரேஷ்குமார் வந்துகொண்டிருந்தான். ஆட்டோ மெதுவாகத் தெருவுக்குள் திரும்பியது.

“ஒரே இடத்தில் கூட்டமாகக் கூடாதீர்கள். ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நில்லுங்கள். இறப்பு நிகழ்ச்சிகளில் இருபது பேருக்கு மேல் கலந்துகொள்ளாதீர்கள்.”

சந்திரம்மாள் உள்ளே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். உதடு அசைகிறதா என்று பார்ப்பது போல இருந்தது அவள் பார்வை. பிறகு இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். தாய்மாமன் முறைக்காரர் நகர்ந்தார். பாலக்கரைக்காரர்கள் செருப்பைத் தேடினார்கள். அந்தக் குரலுக்குப் பயந்தா, மரியாதை கொடுத்தா என்று தெரியவில்லை, கூட்டம் சத்தமில்லாமல் பிரிந்து அவரவர் வாசலுக்குப் போனது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடத்தில் தன் வீட்டுக்காரர் சொல்லி யாரும் ஒன்றைக் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டாள் ஆனந்தவள்ளி. மைக்கில் சொன்னாலும் கேட்டதில்லை.

“முகக்கவசம் உயிர்க்கவசம்” என்றது குரல். அதன் பின்னால் நீளமாக ஒரு குக்கர் விசில்.

பதிவு செய்த அன்று அவர் அவளை ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் இருக்கச் சொல்லியிருந்தார். அவள் மூச்சு விடவில்லை, குக்கரை மறந்துவிட்டாள். எல்லாம் உன்னால என்று கத்தினார். மறுபடியும் பேசத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. அப்படியே கொடுத்துவிட்டார். இத்தனை நாளாகத் திருச்சி முழுக்க அவர் குரலோடு அவளுடைய பருப்பும் வெந்துகொண்டிருந்தது.

காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. ஆட்டோ வாசலில் நின்றது. சுரேஷ்குமார் எட்டிப் பார்த்தான். அக்கா என்றான். சுவிட்சைத் தேடி, குரலை நிறுத்தினான். பின்னால் ஏறி உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை.

சவ வண்டி புறப்பட்டபோது எண்ணிச் சில ஆட்கள் மட்டுமே கூடப் போனார்கள். மாப்பிள்ளையும் சுரேஷ்குமாரும் முன்னால். மீரானைப் போலீஸ்காரரே கைகாட்டிச் சேர்த்துவிட்டார். மற்றவர்கள் தெருவின் இரண்டு பக்கமும் அவரவர் படியில் இடைவெளி விட்டு நின்று கும்பிட்டார்கள்.

காவிரிக் கரையிலிருந்து ஆண்கள் திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. டிவியில் அன்றைய எண்ணிக்கை ஓடியது. இறந்தவர்கள் இத்தனை பேர் என்று மாவட்டம் மாவட்டமாகச் சொன்னார்கள். அவர் அதில் இல்லை. இருக்க முடியாது என்று தெரிந்தும் ஆனந்தவள்ளி திருச்சி வருகிற வரைக்கும் பார்த்தாள். மணிமேகலை எழுந்து போய் நிறுத்தினாள்.

கமர் ஜஹான் தூக்குவாளியில் சோறும் ரசமும் கொண்டுவந்தாள். போன வருட ஊரடங்கில் எதிர்வீட்டுக்குக் குடிவந்தவள். பால்கனிக்கும் வாசலுக்குமாக எத்தனையோ பேசியிருக்கிறார்கள், இத்தனை கிட்டத்தில் உட்கார்ந்ததில்லை. அவள் தட்டில் சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றி, தானும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வாயாவது சாப்பிடுங்கக்கா என்றாள்.

ஆனந்தவள்ளி மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். ரசத்தைத் தட்டோடு சாய்த்து உறிஞ்சிப் பார்த்தாள். புளிப்பு இல்லை. மிளகு இல்லை. நாக்கில் ஒன்றுமே இல்லை. சுடு தண்ணீரில் சோற்றைப் பிசைந்தது போல இருந்தது. அந்த நாட்களில் ருசி தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

கமர் ஜஹான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உப்பு சரியா இருக்காக்கா?”

“சரியா இருக்கும்மா” என்றாள் ஆனந்தவள்ளி. “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து.”