நாற்பது டிகிரி

...நாற்பத்தெட்டா பன்னிரண்டா, இதற்கு ஏன் இவ்வளவு நேரம், ஒரு டிக் அடித்துக் கையெழுத்து வைத்தால் முடிந்தது, இரண்டு கொட்டேஷனும் மேஜையில்தான் கிடக்கின்றன, பதினொரு மணி ஜீப்பில் படிவம் திண்டுக்கல்லில் இருக்கும் சங்க அலுவலகத்துக்குப் போயாக வேண்டும், அனிட்டா மேடம் மட்டும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்... தாண்டிக்குடியில் மிளகும் காப்பியும் போடுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் இந்தச் சின்ன ஆய்வகத்துக்கு, டியூபில் இருக்கும் திரவத்தை ஊதி வற்ற வைக்கிற புது நைட்ரஜன் எவாப்பரேட்டர் வரப்போகிறது, அதை அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவது மூடி போட்ட பெட்டி, ஒரே நேரத்தில் நாற்பத்தெட்டு டியூப், சூட்டையும் நேரத்தையும் அமுக்கிவிட்டால் தானே ஊதித் தானே நின்றுவிடும், யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவதில் பன்னிரண்டே டியூப், ஒரு வெந்நீர்த் தொட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி ஊசி, தனி வால்வு, ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சங்கச் செயலாளர் இராமலிங்கம் சாருக்குப் பெரியதுதான் பிடித்திருக்கிறது, போனில் இரண்டு முறை சொல்லிவிட்டார், அவருக்கென்ன, அவரா நிற்கப்போகிறார்?

நிற்பவள் அதோ, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், செல்வமேரி, ஆறு வருஷமாக அதே இடம், ஆறே ஊசி உள்ள பழைய மிஷின். மிளகைப் பொடித்துக் கரைப்பானில் குலுக்கினால் அதில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்து கரைப்பானுக்குள் இறங்கிவிடும், பிறகு அந்தக் கரைப்பானை நைட்ரஜன் ஊதி வற்ற வைக்க வேண்டும், அடியில் மிஞ்சுவதை அளந்தால் மருந்து எவ்வளவு என்று தெரிந்துவிடும், இவ்வளவுதான் வேலை, சொல்லும்போது ரசம் வைப்பதைவிடச் சுலபம். ஆனால் அவள் செய்வதைப் பார்க்க வேண்டும்... ஊசியை இறக்குகிறாள், திரவத்தின் மேல் ஒரு சின்னக் குழி விழுகிற உயரத்தில் நிறுத்துகிறாள், ஒரு சொட்டும் தெறிக்கவில்லை, திரவம் இறங்க இறங்க ஊசியும் கூடவே இறங்குகிறது, ஆறு டியூபும் ஆறு வேகத்தில் வற்றுகின்றன, ஆறின் மேலும் அவள் கண் இருக்கிறது. அடியில் ஒரு சொட்டு மிச்சம் இருக்கும்போது வால்வை மூடிவிடுகிறாள், ஒருநாளும் முழுக்கக் காயவிட்டதில்லை, காய்ந்தால் மருந்தும் காற்றோடு போய்விடும். எவ்வளவு அழகான வேலை! எனக்கு, இந்த அனிட்டாவுக்கு, வராது, எம்.எஸ்ஸி. படித்திருக்கிறேன், பதினைந்து வருஷ சர்வீஸ், சத்தியமாக எனக்கு அது வராது.

வராது என்பதுதான் மார்ச்சிலேயே தெரிந்துபோயிற்றே... படிவத்தில் நான்காவது கட்டம், 'புதிய கருவி தேவைப்படும் காரணம்', இராமலிங்கம் சார் அவராகவே டைப் அடித்து அனுப்பியிருக்கிறார், 'உதவியாளர் செல்வமேரியின் கவனக்குறைவால் மார்ச் மாதம் தவறான அறிக்கை வழங்கப்பட்டது.' கீழே அனிட்டாவின் கையெழுத்துக்கு இடம். அந்த அறிக்கை கொடுத்த அன்று செல்வமேரி லீவு, பெரியம்மா வீட்டுத் துக்கம், வட்டக்கானலுக்குப் போயிருந்தாள். பனி விலகவே இல்லை, ரூம் முழுக்க ஈரம், நல்லுசாமி ஐயா தோட்டத்து மிளகு, ரெண்டு மணி ஜீப்பில் ரிப்போர்ட் போக வேண்டும், டியூப் வற்றுவேனா என்கிறது... நாற்பது டிகிரியில் இருந்த சூட்டுத் திருகை அறுபதுக்குத் திருகியது எந்தக் கை? இந்தக் கைதான். மலைக்குளிரில் அறுபது என்ன பெரிய சூடு என்று நினைத்தேன். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஆறும் காய்ந்து வெள்ளையாக இருந்தன, அதையே கரைத்து அளக்கும் மிஷினில் போட்டேன், மருந்து இல்லை என்று வந்தது, இல்லை என்றே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வெள்ளனே வந்த செல்வமேரி, மிச்சம் வைத்திருந்த பொடியில் தானாகவே இன்னொரு தடவை போட்டாள், மருந்து இருந்தது, அளவுக்கு மேலேயே இருந்தது. லோடு கிளம்புவதற்குள் ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கினோம். நல்லுசாமி ஐயா வாசலில் நின்று கத்தினார், "நேத்து இல்லேன்னீங்க, இன்னைக்கு இருக்குங்கிறீங்க, என்ன சோலிதாம்மா பாக்குறீங்க?" முன்னால் போய் நின்றது அவள்தான், "தப்பு எங்க மேலதாங்கய்யா, மன்னிச்சுக்கங்க" என்றாள். வற்ற வைப்பது அவள் வேலை, அதனால் தப்பும் அவளுடையது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அன்று அவள் லீவு என்று யாரும் யோசிக்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. வெட்கக்கேடு.

அப்படியென்றால் பெரிய பெட்டி யாருக்கு? பார்க்கத் தெரியாதவர்களுக்கு, எனக்கு. பார்க்கத் தெரிந்தவளுக்குப் பன்னிரண்டு ஊசி போதும், ஆறுக்குப் பன்னிரண்டு, அவள் கையில் அது எப்படி ஓடும்! அனிட்டா பன்னிரண்டில் டிக் அடித்தாள். டைப் அடித்த வரியை ஒரு கோடு இழுத்து அடித்தாள், பக்கத்தில், 'என் தவறால், நான் சூட்டை அறுபதில் வைத்ததால்' என்று எழுதினாள், கையெழுத்தும் போட்டாயிற்று. ஜீப் ஹாரன் கேட்கிறது. செல்வமேரி டியூப் ஸ்டாண்டோடு உள்ளே வந்தாள்.

"எது வாங்குறோம் மேடம்?"

"பன்னெண்டு ஊசி. உனக்குச் சரியாத்தானே இருக்கும்?"

முகம் பளிச்சென்று மலர்ந்தது. "ரொம்ப நல்லதுங்க மேடம். அதுல சூட்டை நாப்பதுலயே வச்சு லாக் பண்ணிக்கலாமாம், அப்புறம் யாரும் மாத்த முடியாதாம். கொட்டேஷன் கொண்டாந்த அண்ணன்ட்ட அன்னைக்கே கேட்டு வச்சுட்டேன்." டியூபைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அனிட்டாவைப் பார்க்கவில்லை. "படிவத்தைக் குடுங்க மேடம், வெரசா ஜீப்ல குடுத்துட்டு வந்துர்றேன்."

வாங்கிக்கொண்டு, படிக்காமலே, நடந்துவிட்டாள். மார்ச்சில் மறுநாள் காலை அறுபதில் கிடந்த திருகைப் பார்த்தவள் அவள்தானே, நாற்பதுக்குத் திருப்பி வைத்தவளும் அவள்தானே, பின்னே தெரியாமலா இருக்கும்... ஏழு மாதம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அது என் மேல் உள்ள மரியாதையா, இல்லை, நானாகச் சொல்கிறேனா என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாளா?