படம் ஒரு நொடி மங்கும்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. உயர்ந்த காரணம் வேறு எதுவும் இல்லை. என் அக்காவின் கணவர் மேடையில் மேஜிக் செய்பவர். போன மாதம் நாலாயிரம் பேர் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினார்கள். எதற்காகத் தட்டுகிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

அரங்கத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பெரும் மௌனம்

சகிக்கவில்லை. இரண்டாவது:

மாயம் என்பது மனித மனத்தின் ஆதித் தாகம். குகைகளில் நெருப்பு

இதை எழுதியவனை நிற்க வைத்து உதைக்க வேண்டும். (அடித்த வரிகளை ஏன் விட்டுவைத்திருக்கிறாய் என்று கேட்கலாம். மறைத்துப் பிழைப்பது மாமாவின் தொழில். எனக்கு அந்த அளவுக்குத் திறமை கிடையாது.)

2

வித்தை இதுதான். மேசைமேல் நாலு காகிதக் கப்புகள் கவிழ்ந்திருக்கும். ஒன்றுக்குள் மட்டும் ஒரு மரக்கட்டை, அதில் விரல் நீளத்துக்கு நட்டுக்குத்தலாக ஓர் ஆணி. மாமா கண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பி நிற்பார். கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் வந்து கப்புகளை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவார். கூட்டத்துக்குத் தெரியாமல் இருக்க மேசைக்கு முன்னால் ஒரு சின்னப் பலகை மறைக்கும். பிறகு பலகையை எடுப்பார்கள். மாமா கண்கட்டை அவிழ்த்துவிட்டு, ஒரு கப்பின் மேல் உள்ளங்கையைப் பிடித்து, மேலே அண்ணாந்து பார்த்து, எங்கிருந்தோ தகவல் வருவதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். பட். கப் நசுங்கும். அடுத்தது, பட். அதற்கடுத்தது, பட். கடைசிக் கப்பைத் தூக்கினால் ஆணி. ஏழாவது அறிவு என்று போஸ்டரில் போட்டிருக்கிறது.

அந்த ஏழாவது அறிவு என் அக்கா.

பெரிய அரங்கத்தில் ஒரு கப்பை யார் கண்ணால் பார்க்க முடியும்? எல்லோரும் மேலே தொங்கும் பெரிய திரையைத்தான் பார்ப்பார்கள், மாமா உட்பட. திரைக்குப் படம் அனுப்பும் கேமராவோடு அக்கா மேடையின் இடது ஓரத்தில், மேசையிலிருந்து பத்தடியில் நிற்கிறாள். பலகை முன்னால் மறைக்கும், பக்கவாட்டில் மறைக்காது. ஆணி எங்கே போனது என்று அவள் பார்த்துக்கொள்வாள். மாமாவின் கை ஆணிக் கப்புக்கு மேலே வந்தால், கேமராவில் வளையத்தை லேசாகத் திருப்புவாள். படம் ஒரு நொடி மங்கித் தெளியும். மங்கினால் ஆணி, மங்காவிட்டால் அடிக்கலாம்.*

* நாலாயிரம் பேரும் விடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் உறைப்பதில்லை. கேமராவுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்பதே நம் மக்களுக்குத் தோன்றாது.

3

அக்காவை எப்படி எழுதுவது என்பதில்தான் தடுமாறினேன். "அவள் கண்களில் சொல்லப்படாத ஒரு சோகம்" என்று எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன்.

"எனக்கெங்கடா சோகம்? கண்ணு எரிச்சல். நாள் பூரா அந்தக் கேமராவுக்குள்ளயே பாத்துட்டு நின்னா உனக்கும் வரும்."

சோகத்தை எடுத்துவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். நிகழ்ச்சி அன்று காலை வானொலியில் மாமாவின் பேட்டி. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது.

"உங்க மனைவியும் இந்தத் துறைதானா?"

"சே சே, அவங்க வீட்டப் பாத்துக்கறாங்க. பாவம், இதெல்லாம் அவங்களுக்குப் புரியாது."

பதினோரு வருடமாக அவர் உள்ளங்கையை ஓட்டையில்லாமல் வைத்திருப்பவள் பக்கத்தில் உட்கார்ந்து லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, இன்னிக்கு ஒரே ஒரு தடவ மங்க விடாத. ஆணி ஏறட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

"நல்லா பேசற. கேமரா புடிக்கறது நான்தானே" என்றாள்.

(ஆணி ஏறட்டும் என்று சொன்னவன் ஒரு கோழை. கையும் அடுத்தவருடையது, ஆணியை ஏற்ற வேண்டியவளும் அடுத்தவள். ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட வசதியான இடம் எது?)

4

மாலை. மூன்று புறாக்கள், ஒரு துண்டான கயிறு, துண்டாகாத அதே கயிறு. எல்லாவற்றுக்கும் கூட்டம் வாயைப் பிளந்தது. பிறகு கப்புகள் வந்தன. ஒரு பெண்மணி வந்து மாற்றி வைத்துவிட்டுப் போனார். மாமா கண்கட்டை அவிழ்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இன்னிக்கு என் கை வேண்டாம். நம்ம நடுவுல ஒரு எழுத்தாளர் இருக்காரு. மேஜிக் எல்லாம் சுத்தப் பித்தலாட்டம்னு பத்திரிகையில எழுதினவரு. சார், மேல வாங்க."

என்னைத்தான். மச்சான் என்று சொல்லவில்லை, சார் என்றார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாலாயிரம் பேர் திரும்பிப் பார்த்தால் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்துவிடுகிற ஆள்தான்.

மாமா என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். முதல் கப். திரையை இருவரும் அண்ணாந்து பார்த்தோம். படம் தெளிவாக நின்றது. பட். நசுங்கியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. இரண்டாவது கப்புக்கு மேல் என் கையைக் கொண்டுபோனார். திரையைப் பார்த்தோம்.

திரையில் கப்பைக் காணோம். மாமாவின் முகம் இருந்தது, இரண்டு மாடி உயரத்துக்கு.

காலையில் நான் சொன்னது முழுக்க ஞாபகம் வந்தது. பவுடருக்கு மேல் அவருக்கு வேர்த்து வழிவதை ஊரே பார்த்தது, நடிப்பு என்று நினைத்து ரசித்தது.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அவர் துணிந்து அடிக்கிறார். கப் நசுங்குகிறது. உண்மையிலேயே அவருக்கு ஏதோ சக்தி (வேண்டாம், அந்த மரியாதையை அவருக்குத் தர மாட்டேன்.)

ஆ) அவர் அடிக்கிறார். ஆணி என் (இதை எழுதும்போது கை தானாக மேசையை விட்டு விலகிவிட்டது. அவ்வளவுதான் என் வீரம்.)

நடந்தது வேறு. உதட்டை அசைக்காமல் சொன்னார்: "மாப்ள, எனக்குத் தெரியலடா."

பிறகு மைக்கில்: "கேமராவ கீழ காட்டுங்க."

முகம் அப்படியே நின்றது.

"கேமராவுல நிக்கறது என் வீட்டுக்காரம்மா" என்றார். குரல் உடைந்தது. "அவங்க காட்டினாத்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தனியா ஒண்ணும் தெரியாது. இத்தன வருஷமா அவங்கதான்."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. தன் வாழ்நாளில் அந்த மனிதர் மேடையில் சொன்ன ஒரே உண்மை, அன்றைய நிகழ்ச்சியின் மிகச் சிறந்த ஜோக்காகப் போயிற்று.

அவர் என் கையை விட்டார். கப்பைத் தூக்கினார். உள்ளே ஆணி, என் உள்ளங்கை இருந்த இடத்துக்கு நேர் கீழே. அப்புறம்தான் அந்த நாலாயிரம் பேர் எழுந்து நின்றார்கள்.

5

கதை இங்கே முடிந்திருந்தால் மாமாவை மன்னித்திருப்பேன். அழகாகவும் இருந்திருக்கும். ஆனால் ஒப்பனை அறைக்குப் போகும் நடைபாதையில் அவர் என் தோளில் தட்டினார்.

"மாப்ள, பாத்தியா வரவேற்ப? இனிமே இதையே வச்சுக்கலாம். ஒவ்வொரு ஊர்லயும் முன்வரிசையில யாராவது ஒருத்தரக் கூப்பிடுவோம். ரெண்டு கப்பு அடிக்கறோம், மூணாவதுல நான் 'ஒண்ணும் தெரியாது'ன்னு ஒடைஞ்சு போறேன். அங்க இன்னும் கொஞ்சம் தழுதழுக்கணும், இல்ல?"

அக்கா மேடையோரத்தில் கேபிளை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் திரும்பிப் போனேன்.

"ஆணி அங்கதான் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா?"

"பத்தடியிலதான்டா நின்னேன். ஒரு தடவ திரும்பி என்னப் பாத்திருந்தா தலையாட்டிச் சொல்லியிருப்பேன். அவரும் பாக்கல. நீயும் பாக்கல. ரெண்டு பேரும் என் பக்கமே திரும்பாம அந்தத் திரையையே பாத்துட்டு நின்னீங்க."

அவளுக்காக வரிந்து கட்டிக்கொண்டு பேசியவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் திருத்தவே இல்லை.

6

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"முடிவு?"

"அதான் தெரியல. பதினேழாம் தேதி மாமாவுக்குப் பெரிய அரங்கமாமே, ஐயாயிரம் பேராம். அன்னிக்கு நீ என்ன பண்ணப் போறேன்னு சொன்னா எழுதிருவேன்."

"அன்னிக்கு நான் வரல. பல் டாக்டருங்க மாநாட்டுல படம் புடிக்க ஒத்துக்கிட்டேன். பேசறவங்க பேசுவாங்க, நான் புடிப்பேன். அவர் நிகழ்ச்சிக்கு அரங்கத்துக்காரங்க வேற ஆள் அனுப்பறாங்க."

"மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"கேட்டா சொல்றேன்."

"கேக்கலன்னா?"

"கேமராவுல யார் நிக்கறாங்கன்னு அன்னிக்காவது திரும்பிப் பாக்கட்டும்."

அரங்கத்தில் விசாரித்தேன். வரப்போகிறவர் நல்ல தொழில் தெரிந்தவராம். அவர் எடுத்தால் படம் மங்கவே மங்காதாம்.

மாமாவிடம் நான் சொல்லவில்லை. போனை இரண்டு தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன். சொன்னால் கதைக்கு ஒரு நல்ல முடிவு கிடைத்துவிடும், அப்புறம் அவர் வழக்கம்போல் சமாளித்துவிடுவார், நான் வழக்கம்போல் திட்டிக்கொண்டிருப்பேன். இப்படி நினைக்கிறவன் என்ன மனிதன்?

பதினேழாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நீங்கள் டிக்கெட் வாங்கியிருக்கலாம். முன்வரிசையாகவும் இருக்கலாம். மாமா உங்களைப் பார்த்து, "வாங்க, மேல வாங்க" என்பார். ஐயாயிரம் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எழுந்து போவதும் உட்கார்ந்திருப்பதும் உங்கள் இஷ்டம்.