மாடன் பீடத்து மூன்றாம் குறி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது கதையாக எழுத வந்ததல்ல. ‘தாழப் பறந்து நிலம் அளக்க எந்த டிரோன் நல்லது?’ என்று ஒரு விவசாய மாத இதழ் கட்டுரை கேட்டிருந்தது. இரண்டு டிரோன், ஒரு அட்டவணை, கடைசியில் ஒரு சிபாரிசு. அந்த அட்டவணை என் மேசையில் பாதியில் கிடக்கிறது.

‘குற்றாலத்துச் சாரலைக் கிழித்துக்கொண்டு அந்த இயந்திரப் பறவை…’

வேண்டாம். பக்கத்து வீட்டு மிக்சி மாதிரிதான் சத்தம் போட்டது.

2

சத்யபிரியாவும் முத்துராஜும் தென்காசியில் நில அளவை ஆபீஸ் வைத்திருக்கும் தம்பதி. அவனுக்குக் கால் கிலோகூட இல்லாத சின்ன டிரோன்தான் உசத்தி. அவளுக்குப் பெரியது, காற்றில் ஆடாது, படம் இழுபடாது. சோதித்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுவதாகப் பேச்சு.

(பெண் பார்க்கப் போன வீட்டு மொட்டைமாடியில் அந்தச் சின்னதைப் பறக்கவிட்டுத்தான் முத்துராஜ் அவளை முதன்முதலாகச் சிரிக்க வைத்தான். இதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.)

சோதனைக்குக் கிடைத்தது வடகரையில் பேச்சித்தாயின் வயல். கட்டுரைக்காக நானும் கூடப் போனேன். போன ஐப்பசியில் அவள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இந்த மழைக்குள் வடிகால் வெட்டியாக வேண்டும். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

3

பழைய கல்யாண பிளெக்ஸைத் துண்டாக்கி, பின்புறம் கறுப்பில் பெருக்கல் குறி போட்டு, வயலில் மூன்று இடத்தில் கல் வைத்து விரித்தார்கள். அந்த மூன்று இடங்களின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டார்கள். டிரோன் எடுக்கும் படங்களை அந்த உயரங்களோடு பொருத்தினால்தான் மேடு பள்ளம் சரியாக வரும். நான்காவதாக ஒன்று வைத்திருந்தால் தப்பு நடந்தால் காட்டிக்கொடுத்திருக்கும். சின்ன வயல்தானே என்று விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் குறி, மேட்டில் சுடலைமாடன் பீடத்துக்கு நேர் எதிரே.

முதல் நாள் அவன் சின்னதைப் பறக்கவிட்டான். மறுநாள் காலையில் அவள் பெரியதை எடுக்குமுன், பேச்சித்தாய் பிளெக்ஸைத் தூக்குவதை நான் பார்த்தேன்.

“சாமி மொகத்துக்கு நேரே மிதிபட்டதப் போட்டுருக்காவ. சங்கடமால்லா இருக்கு? நாலெட்டு தள்ளிப் போட்டா, மேல பறக்குததுக்கு என்ன தெரியவா போவுது?”

நாலெட்டு என்றால் மேட்டிலிருந்து வரப்படிக்கு. இரண்டடி இறக்கம். எழுதி வைத்த உயரமோ மேட்டினுடையது.

4

சின்னது, வயல் குளத்துப் பக்கம் சரிகிறது என்றது. பெரியது, ரோட்டுப் பக்கம் என்றது. எல்லோரும் பெரியதை நம்பினார்கள், முத்துராஜ் உட்பட.

“நம்ம ஆளு காத்துல ஏமாந்துட்டான் போல அண்ணாச்சி” என்று சின்னதைத் துடைத்துப் பைக்குள் வைத்தான். ஜிப்பை இழுக்க அவனுக்கு மனசே வரவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. கதைக்கு நல்ல திருப்பம் கிடைத்தது என்று உள்ளே ஒரு குறளி குதித்துக்கொண்டிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

முடிவுகள்:

அ) மழை வருகிறது, ரோட்டுத் தண்ணீர் புது வடிகால் வழியே பேச்சித்தாய் வீட்டுக்குள்… (மாட்டேன். அவள் எனக்கு இளநீர் வெட்டித் தந்தவள்.)

ஆ) மாடனே கனவில் வந்து… (அடச்சே.)

இ) ரோட்டுப் பக்கம் வடிகால் வெட்ட நாளைக் காலை ஏழு மணிக்கு ஜேசிபி வருகிறது. இது நான் எழுதியதல்ல, நிஜமாகவே வருகிறது.

பேனாவை மூடிவிட்டு சத்யபிரியாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்போ அவுக டிரோன்தான் சரியா அண்ணாச்சி?”

“ஆமாம்மா.”

“ஜேசிபிக்காரர்ட்ட நான் பேசிக்கிடுதேன். பேச்சித்தாய் அத்தைகிட்ட இதப் பத்தி ஒண்ணும் கேட்டுராதீங்க, பாவம், கூசிப்போவா.” பிறகு குரலைத் தணித்து, “அவுககிட்ட நானே சொல்லுதேன். மொட்டமாடில தனியா ஒக்காந்துருக்காவ” என்று வைத்துவிட்டாள்.

அவள் மாடிப்படி ஏறிப் போய் என்ன சொன்னாள், எனக்குத் தெரியாது. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: முத்துராஜை ‘நான் அப்பவே சொன்னேம்லா’ என்று மட்டும் சொல்ல வைத்துவிடாதீர்கள். அவன் அப்படிச் சொல்லுகிறவன் இல்லை.