யாருக்கும் தோன்றாத யோசனை

…நாக்கு அழுகிவிடும் என்பதெல்லாம் சும்மா, அப்படி அழுகிய நாக்கை யார் பார்த்தார்கள், வரப்புத் தகராறில் இதே அறுபதாம் படியில் பொய்ச் சத்தியம் பண்ணிய சின்னண்ணன் ஒன்பதாம் நாள் எருது முட்டிச் செத்தான் என்று ஊரே சொல்கிறது, ஆனால் அந்த எருது அதற்கு முன்பே இரண்டு பேரை முட்டிய எருது, அதை ஒருவரும் சொல்வதில்லை, எருதுக்குச் சத்தியம் தெரியுமா பொய் தெரியுமா… தெரிந்திருந்தால்? வெயில் இன்னும் ஏறவில்லை, அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திருச்செங்கோட்டு மலையில் நான் ஏறாத வருஷமில்லை, இன்று மட்டும் கால் ஏன் இப்படிப் பின்னுகிறது. முன்னால் மருதாசலம் போகிறான், பட்டறைக்காரன், வெள்ளை வேட்டியும் கரி போகாத கையுமாக, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, நான் ஓடிவிட மாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை. அவனோடு கடலை மண்டிக்காரர்கள் நாலு பேர், சாட்சிக்கு. எனக்குப் பின்னால் என் மனைவி பாப்பாயி, கற்பூரமும் தேங்காயும் அவள் கையில். அவளுக்கும் பின்னால் பழக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மாரக்காள், எங்கள் களத்தில் நிலக்கடலை உடைக்கிறவள். ஊரில் அத்தனை பேர் இருக்க இவளையா கூடை தூக்கக் கூப்பிட வேண்டும், வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது, ஏன் என்று பாப்பாயி கேட்டால் என்ன சொல்வது. கேட்காமல் விடுகிற ஜன்மமா அவள்.

ஜெயித்தவன் நான். அதை மறந்துவிடக் கூடாது. போன மாதம் டில்லியிலிருந்து ரிஜிஸ்தர் தபாலில் உத்தரவு வந்தது, சேலத்தில் வக்கீல் வீரபாகு அதை இங்கிலீஷில் ஒரு மூச்சுப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், எனக்கு அந்தத் துடைப்பிலேயே உயிர் போய்விட்டது, பிறகுதான் சொன்னார், அப்பீல் ஜெயித்துவிட்டது, கல்கத்தா ஆபீஸ் தள்ளுபடி செய்தது தப்பு, பேடண்டு, அந்த யோசனைக்கான தனி உரிமை, உங்களுக்குத்தான். அந்த நிமிஷம் நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன், எந்தக் காரணத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன், வக்கீலுக்கு ஆச்சரியம், ஜெயித்த கட்சிக்காரன் எவனும் காரணம் கேட்டதில்லையாம். இருந்தாலும் சொன்னார். விஷயம் சின்னது, நிலக்கடலை உடைக்கிற கைமெஷினில் சல்லடைக்கு மேலே ஓர் இரும்புக் கட்டை ஆடுகிறதே, அதன் அடிப்பக்கத்தில் மோட்டார் டயர் ரப்பரைப் போர்த்தினால் ஓடு மட்டும் உடையும், பருப்பு உடையாது, அவ்வளவுதான் என் யோசனை. இது எவனுக்கும் தோன்றக்கூடியதுதானே, கொல்லன் பட்டறையில் உலை ஊதுகிறவனுக்குக்கூடத் தோன்றுமே, இதற்கு எதற்குப் பேடண்டு என்றுதான் மருதாசலம் கல்கத்தாவில் ஆட்சேபம் போட்டான், அவர்களும் ஆமாம் என்றுவிட்டார்கள். டில்லியில் வேறு மாதிரி பார்த்தார்கள். செய்து முடித்த பிறகு பார்த்தால் எல்லாமே சுலபமாகத்தான் தெரியும், அப்படிப் பார்க்கக் கூடாது, அன்றைக்கு அந்தத் தொழிலில் இருந்த சாதாரண ஆள் ஒருத்தருக்கு, அதுவரை தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, தானாகவே இது தோன்றியிருக்குமா என்று பார்க்க வேண்டும். ஏழெட்டு வருஷமாக ஜில்லா முழுக்க மெஷின் ஓடுகிறது, பருப்பு உடைந்து நாசமாகிறது, ஆயிரம் பேர் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் தோன்றவில்லை, ஆகவே இது எல்லோருக்கும் தோன்றக்கூடியது அல்ல. ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் எழுதிக் கொடுத்தேன்.

எழுதிக் கொடுக்கும்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, இப்போதுதான் யோசிக்கிறேன். எனக்கு முன்னால் எவரும் இப்படிச் செய்து நான் கண்டதில்லை, இந்த எண்ணம் என் புத்தியிலேயே உதித்தது என்று அபிடவிட்டு, அதாவது சத்தியப் பத்திரம், டைப் அடித்த இங்கிலீஷ், ராஜா தலை ஸ்டாம்பு, மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்து. ஒரு காகிதம், அவ்வளவுதானே என்று இருந்தது. நம் சாமிக்கு இங்கிலீஷ் எதற்கு என்று நினைத்தேனோ என்னவோ. நிலப் பத்திரத்தில், ரயில்வே சரக்குச் சீட்டில், யார்தான் எல்லாம் உண்மையாக எழுதுகிறார்கள். ஆனால் அறுபதாம் படி வேறு. மலைப் பாதையில் ஒரே வரிசையாக அறுபது படி, அதில் நின்று கற்பூரத்தை ஏற்றி அணைத்து ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை, கோர்ட்டுக் கச்சேரியில் முடியாத வழக்கெல்லாம் இங்கே வந்து முடிந்திருக்கிறது. மருதாசலத்துக்கு அது தெரியாதா. மண்டியில் அத்தனை பேர் முன்னால் வைத்துத்தான் என் பேரைச் சொல்லிக் கேட்டான். "ஏனுங்க சென்னிமலை, டில்லிக்காரங்க சொல்லிட்டாங்க, செரி. நான் இன்னமும் மெட்ராசு ஐகோர்ட்டுக்குப் போயி ரத்துப் பண்ணச் சொல்லலாமுங்க. வேண்டாம். அறுபதாம் படியில நின்னு, இது என்னோட புத்தியில வந்ததுதான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நான் டயரு கட்டுன மிசினே இனிச் செய்யமாட்டேனுங்க." வேண்டாம், ஐகோர்ட்டுக்கே போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வக்கீல் அப்படித்தான் திட்டினார், சர்க்கார் கொடுத்ததை யாராவது படியில் கொண்டுபோய் வைப்பார்களா, அங்கே போனால்தானே ஐயா சிக்கல் என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மண்டியில் நின்று பார்த்தால்தான் தெரியும், அத்தனை கண், மாட்டேன் என்றால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி, வாய் தானாகச் சொல்லிவிட்டது, "அதுக்கென்னுங்க, வெள்ளிக்கெழமையே போலாம்" என்று.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி. களத்தில் புது மெஷின் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பருப்பெல்லாம் இரண்டாகவும் நாலாகவும் உடைந்து விழுகிறது, மண்டியில் எடுக்க மாட்டோம் என்கிறார்கள், நான் பெண்களைப் பார்த்துக் கத்துகிறேன், மெதுவாக ஆட்டுங்கள் என்கிறேன், மெதுவாக ஆட்டினால் ஓடே உடையவில்லை. அன்றைக்கு மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன், மெஷின் சத்தம் வேறாக இருக்கிறது, கடகடவென்று இல்லாமல் நறநறவென்று. கிட்டே போய்ப் பார்த்தால் இரும்புக் கட்டையின் அடியில் கருப்பாக ஏதோ, தேங்காய்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. செருப்பு. மாரக்காளின் புருஷன் கருப்பண்ணனின் தேய்ந்த டயர்ச் செருப்பு, வார் அறுத்த பிறகு மிஞ்சிய அடித்துண்டு. மனிதன் தின்கிற பண்டத்தின் மேல் செருப்பு. எனக்கு எப்படி வந்தது கோபம், என்னென்ன சொன்னேன், அவள் புருஷனையும் வம்சத்தையும் இழுத்து, அந்த வருஷம் மட்டும் வெளியூரிலிருந்து கூலிக்கு வந்திருந்த மற்ற பெண்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தே போனார்கள், மூன்று நாள் இந்தப் பக்கம் காலெடுத்து வைக்காதே என்று விரட்டினேன். அவள் கயிற்றை அவிழ்த்து, அந்தத் துண்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள். அவள் போன பிறகுதான் கீழே பார்த்தேன். சல்லடைக்கு அடியில் பருப்பு, முழுப் பருப்பு, சிவப்புத் தோல்கூடக் கிழியாமல், கூடை நிறைய. அன்று சாயங்காலமே சேலத்துக்கு வண்டி கட்டினேன், புது டயர் வாங்க. புதிது. கழுவினது. பிறகு அதைத் தடிமனாக வெட்டி, வளைத்து, ஆணி வைத்துத் தைத்து, இடைவெளி சரி பார்த்து, அதில் என் உழைப்பு இல்லையா, இரண்டு மாதம் உட்கார்ந்தேனே, அது என் புத்தி இல்லையா? இருக்கிறது. கொஞ்சம் இருக்கிறது. சத்தியத்தில் கொஞ்சம் என்று சொல்ல முடியுமா?

இதில் தப்பிக்க வழியே இல்லை என்பதை ராத்திரிகளில் இல்லை, பட்டப்பகலில், சோறு தின்னும்போது, வாய்க்கால் பார்க்கும்போது நினைத்து நினைத்துப் பார்த்துவிட்டேன். கூலிக்கு வந்த ஒருத்திக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு, பத்தே நாளில் தோன்றிவிட்டது என்றால் அது எவருக்கும் தோன்றக்கூடியதுதான், மருதாசலம் சொன்னதுதான் சரி, பேடண்டு போய்விடும். இல்லை, அது யாருக்கும் தோன்றாத அபூர்வமான யோசனைதான் என்றால் அந்த அபூர்வம் என்னுடையது இல்லை, அவளுடையது, அப்போதும் பேடண்டு போய்விடும், கூடவே என் மானமும். அவளைச் சாதாரணம் என்றாலும் போச்சு, கெட்டிக்காரி என்றாலும் போச்சு. அவள் வாயைத் திறக்காத வரைதான் நான். நாலு வருஷமாக அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் வெற்றிலை மெல்வதைக்கூட. பண்டிகைக்கு அவளுக்கு மட்டும் கூட ஒரு சேலை எடுத்துக் கொடுத்தால் சந்தேகம் வருமோ என்று கொடுத்ததில்லை, கொடுக்காவிட்டால் கோபம் வருமோ என்றும் பயந்திருக்கிறேன். போன வாரம் மருதாசலத்தின் ஆள் அவள் தெருவுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனான் என்று கேள்விப்பட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. என்ன சொன்னாளோ. சொல்லியிருந்தால் மருதாசலம் இப்படி நிதானமாகப் படியேறுவானா? சொல்லியிருப்பதால்தான் நிதானமாக ஏறுகிறானோ, சத்தியம் பண்ணட்டும், அதன் பிறகு இவளை முன்னால் நிறுத்துகிறேன் என்று…

பாறையில் செதுக்கிய பெரிய நாகர், உடம்பெல்லாம் குங்குமம். பாப்பாயிக்கு மூச்சு வாங்குகிறது, விழுந்து கும்பிட்டு மஞ்சள் போடுகிறாள், மெதுவாகத்தான் வருவாள். மருதாசலமும் மண்டிக்காரர்களும் வளைவில் திரும்பிவிட்டார்கள். திரும்பினால் மாரக்காள் ஓரடி தள்ளி நிற்கிறாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு. வந்துவிட்டது, என்னிடம்தான் வருகிறாள், என்ன கேட்கப் போகிறாள், நிலமா, பணமா.

"சாமி, ஒரு வார்த்தைங்க."

சொல்லு என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"போன வாரம் ஆளு வந்து கேட்டாங்க சாமி, மொதமொதல்ல மிசின்ல டயரு கட்டுனது யாருன்னு. எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்கன்னு சொல்லிட்டனுங்க. டில்லி வரைக்கும் வெசாரிக்கறாங்களாமா. நீங்க அங்க சத்தியத்துல நெசத்தச் சொல்லிப்போடுவீங்களோன்னு மூணு நாளா எனக்குக் கண்ணு மூடலீங்க."

புரியவில்லை. நான் நிஜத்தைச் சொல்லிவிடுவேனோ என்று இவளுக்குப் பயமா?

"திங்கற பண்டத்துமேல செருப்பக் கட்டுனது நான்னு தெரிஞ்சா எங்கள ஊருக்குள்ளயே உடமாட்டாங்க சாமி. புள்ளைக்குப் பொண்ணு பாத்திருக்கறோமுங்க. பருப்பு ஒடையுது, நீங்க வையறீங்கன்னுதான் கட்டிப்போட்டனுங்க, வேறொண்ணுமில்லீங்க. உங்க கையில கட்டுனதுன்னே சொல்லிப்போடுங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

கண்ணில் நீர் நிற்கிறது. கை இரண்டும் கூப்பி நடுங்குகிறது. நாலு வருஷமாக அவள் எதற்கு வாயைத் திறக்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது, நான் திட்டிய திட்டு இன்னும் அவளுக்குள் அப்படியே இருக்கிறது, டில்லியும் கல்கத்தாவும் ஒரு செருப்புத் துண்டைக் கட்டிய குற்றவாளியைத் தேடிக்கொண்டிருப்பதாக அவளுக்கு நினைப்பு. நெஞ்சில் ஏதோ சரிந்து இறங்கியது, குளிர்ச்சியாக, மூச்சு சீராக வந்தது. "யாருகிட்டயும் சொல்லமாட்டேன் மாரக்கா, பயப்படாத, கூடையத் தூக்கு" என்றேன். அவள் தரையில் விழுந்து கும்பிட்டாள். பாப்பாயி தூரத்திலிருந்து, என்ன அங்கே என்று கேட்டாள், கால்ல முள்ளு என்றேன்.

அதன் பிறகு கால் பின்னவில்லை, மடமடவென்று ஏறினேன், எனக்கே ஆச்சரியம். எந்தச் சிக்கலும் இல்லை இப்போது, அவளே கேட்டுக்கொண்டாள், அவளுக்காகத்தானே, அவள் மகன் கல்யாணம் நின்றுபோகக் கூடாதே, ஒரு குடும்பத்தைக் காப்பாற்றச் சொல்லும் பொய்யைச் சாமி பொறுக்காதா, பொறுக்கும். இதோ அறுபது படி. மண்டிக்காரர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். மருதாசலம் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான், வெறுங்காலோடு குனிந்து, பாப்பாயியிடமிருந்து கற்பூரத்தை வாங்கிப் படியில் வைத்து ஏற்றுகிறான், காற்றுக்குக் கையை அணைகட்டிக்கொண்டு. "சொல்லுங்க" என்கிறான். எல்லோரும் நெருப்பைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். மாரக்காள் மட்டும் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள், உதடு நடுங்குகிறது, இன்னுமா பயம், நான்தான் வாக்குக் கொடுத்துவிட்டேனே, இன்னும் ஏன்… வாயைத் திறந்துவிட்டேன். கற்பூரம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. நாகர் பக்கத்தில் நின்றபோது, அது குற்றமே இல்லை மாரக்கா, அதைத்தான் டில்லியில் கெட்டிக்காரத்தனம் என்று எழுதியிருக்கிறார்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நடுக்கம் அங்கேயே நின்றிருக்கும். அது எனக்குத் தெரியும். அங்கே நிற்கும்போதே தெரிந்தது. பயப்படாதே, சொல்லமாட்டேன் என்று மட்டும்தான் சொன்னேன்.