பெடல்மேல் இருந்த கால்

பிரேக்கில் ஏர் எடுக்க, அதாவது ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். எங்கள் ஒர்க் ஷாப்பில் என் வீட்டுக்காரர் காருக்கு அடியில் படுப்பார். நான் பெடல்மேல் கால் வைத்து உட்காருவேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. "அழுத்து" என்பார், அழுத்துவேன். சக்கரத்தருகே உள்ள நிப்பிள் திருகைத் திறந்து, குமிழோடு வரும் ஆயிலை வெளியே விட்டு மூடுவார். "விடு" என்ற பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிக்கொள்ளும். செய்த வேலையெல்லாம் பாழ்.

இந்தத் தடவை எங்களுக்குள் பேச்சு இல்லை. எங்கள் பழைய காரை மகளுக்குக் கொடுத்து, மலைமேல் நர்ஸ் வேலைக்குத் தனியாக அனுப்ப இந்த மனுஷன் சம்மதித்துவிட்டார். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை, கார் இருந்தால்தான் கிடைக்கும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்றவள் என்று ஒருத்தி இருப்பது ஞாபகம் வந்தால்தானே! அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். சாப்பாடு போட்டேன், துணி துவைத்தேன், பேசவில்லை.

மறுநாள் காலையில் அவள் வேலையில் சேர வேண்டும். பிரேக் பெடலோ பஞ்சு மாதிரி அமுங்கியது. சக்கரங்களைக் கழற்றிக் காரை ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார்.

"அம்மாவை அழுத்தச் சொல்லு," என்றார் அடியிலிருந்து.

"அம்மா, அழுத்தணுமாம்," என்றாள் மகள், டிக்கியில் பெட்டிகளை அடுக்கியபடியே.

அழுத்தினேன். அவள் தலையணை எடுக்க உள்ளே போனாள்.

"விட வேணாம்னு சொல்லு, இன்னும் மூடல," என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. ஆனால் என்னிடம் சொல்லாத பேச்சுக்கு நான் எதற்குக் காது கொடுக்க வேண்டும்? வெடுக்கென்று காலை எடுத்தேன். நாலு சக்கரத்துக்கும் இதே கூத்துதான்.

கடைசியில் அவர் எழுந்து வந்து ஒவ்வொரு ஹோஸாகத் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை.

"வெளிய கசிவே இல்ல பாப்பா. அப்போ மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளயே விடுதோ என்னமோ. அழுத்திப் பிடிச்சா பெடல் மெல்லக் கீழ இறங்குதான்னு அம்மாகிட்ட கேளு."

அவரே ஏறி மிதித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் இத்தனை வருஷமும் என் கால் சொன்னதைத்தான் நம்பியிருக்கிறார். அழுத்திப் பிடித்தேன். இறங்கவில்லை. இரண்டு தடவை மிதித்தால் பெடல் மேலே எழும்பிக்கொண்டு வந்தது. மிதித்தால் ஆயிலைத் தள்ளும் அந்தச் சிலிண்டரில் ஒரு கோளாறும் இல்லை. உள்ளே இருந்தது காற்று, நான் விட்ட காற்று.

"இறங்குதாம்மா?" என்றாள் மகள்.

சிலிண்டர் என்றால் புதிதாக வாங்கிவர ஒரு வாரம் ஆகும். அதற்குள் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும். மகள் வீட்டோடு இருப்பாள். நான் கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"இறங்குது போல," என்று அவரே முடிவுகட்டினார். "இன்னைக்குக் கார் போகாது பாப்பா."

"ரெண்டு தடவை மிதிச்சா பிடிக்குதுல்லப்பா? மெதுவா ஓட்டிட்டுப் போயிடுவேன்."

அவர் அதட்டினார். அவள் காதில் வாங்கவே இல்லை. பிடிவாதத்தில் என்னை அப்படியே உரித்து வைத்தவள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, "சக்கரத்தை மாட்டுங்க," என்றாள்.

மலை வளைவில் இரண்டாம் தடவை மிதிக்க யார் நேரம் கொடுப்பார்கள்?

"இறங்கல," என்றேன். "சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு. காத்துதான். நீங்க மூடறதுக்கு முன்னாடியே நான்தான் காலை எடுத்தேன்."

அவர் என்னை முறைத்தார். "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? முதுகு ஒடிய உருண்டுட்டுக் கிடக்கேன்."

"நீங்க முன்னாடியே என்னைக் கேட்டிருக்கணும். நான் பிரேக்கைச் சொல்லல."

அவர் ஸ்பேனரை எடுத்தார். மறுபடி அடியில் போய்ப் படுத்தார்.

"அழுத்து."

"அழுத்தியாச்சு."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

"விடு."

சக்கரம் சக்கரமாகப் போனோம். குமிழ் நின்று ஆயில் மட்டும் வந்தது. பெடல் கெட்டியானது. சக்கரங்களை மாட்டி இறக்கியதும், தெருமுனைவரை நானே ஓட்டிப் பார்த்தேன். ஒரே மிதி, மிதித்த இடத்தில் நின்றது. திரும்பி வந்து நிறுத்தினேன்.

அவர் கதவருகே குனிந்தார். மகள் அவருக்குப் பின்னால் நின்றாள்.

"அனுப்பலாமா?" என்று என்னைக் கேட்டார்.

இத்தனை நாளும் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். கேட்டால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். பெடலை இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தேன்.

"பிரேக் நல்லாப் பிடிக்குது," என்றேன். "போகட்டும்."

அவள் என்னைவிடக் குள்ளம். அவள் கால் எட்டும்படி சீட்டை முன்னால் தள்ளிவிட்டு இறங்கினேன்.