தகரக் கூரைக்குக் கீழே முப்பத்தொன்று

"நான் எதுக்கும்மா தெர்மாமீட்டரை மாத்தப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார் ஆய்வக உதவியாளர் அண்ணன்.

"அப்புறம் எப்படிண்ணா? ஒன்பதாவது பி-யில முந்தாநாள் நாப்பத்தொண்ணு. நேத்து முப்பத்தொண்ணு. வெயில் லீவு போட்டுடுச்சா?"

"பெரிய மிஸ்ஸைப் போய்க் கேளுங்க." தலைமையாசிரியைமேல் பழியைத் தள்ளிவிட்டுக் குடுவை கழுவப் போய்விட்டார். அந்த நழுவல் எனக்குச் சரியாகப் படவில்லை.

பருவநிலை நீதி பாடத்துக்கு நான் கொடுத்த வேலை இது. வகுப்புக்கு ஒரு தெர்மாமீட்டர். மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளைகளே அளந்து வராந்தாச் சுவரில் எழுத வேண்டும். ஒரே வெயில்தான். கான்கிரீட் கூரைக்குக் கீழே முப்பத்திரண்டு, தகரத்துக்குக் கீழே நாற்பத்தொன்று. நாளை கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வருகிறார். நாற்பதைத் தாண்டியிருந்தால் அறையைப் பூட்டச் சொல்வார், பிள்ளைகள் தப்பிப்பார்கள். அதற்குள் இப்படி. பள்ளியின் பெயர் கெடக்கூடாது என்று பெரிய மிஸ் எதையும் செய்வார்.

இரண்டு மணிக்கு முன்பே போய் பி பிரிவு ஜன்னலோரம் நின்றேன். வகுப்புத் தலைவி கைக்குட்டையை நனைத்து, தெர்மாமீட்டர் குமிழில் சுற்றிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி நோட்டால் விசிறினாள்.

"யாரு செய்யச் சொன்னா? பெரிய மிஸ்ஸா?"

"யாரும் இல்ல மிஸ். ஈரத்துணி சுத்தி விசிறினா குறையும்னு நீங்கதானே நடத்துனீங்க."

"சரி, எதுக்கு?"

"ரூமைப் பூட்டினா எங்களைச் சாயங்கால ஷிப்டுக்குத் தள்ளிடுவாங்களாம். அம்மா நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்பிடுவாங்க. தம்பியை யாரு பாத்துப்பா? வேர்த்தா துடைச்சுக்கலாம் மிஸ். படிப்பு நின்னா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க நம்பர் எவ்வளவுன்னு மட்டுந்தானே கேட்டீங்க."

விசிறியவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்க்கரை நீட்டினேன். "நிஜ நம்பரை எழுது. அதுக்குக் கீழே, எங்க நேரத்தை மாத்தாம வேற ரூம் குடுங்கன்னு எழுது. நாளைக்கு உங்ககூட நானும் நிப்பேன்."

அவள் மார்க்கரை வாங்கவில்லை. காலையில் நான் அண்ணனைப் பார்த்த அதே பார்வையை என்மேல் வைத்தாள்.

"அதிகாரி முன்னாடியும் இப்படியே பேசுவீங்களா மிஸ்?"

பேசுவேன் என்றேன். மணி இரண்டு ஆகிவிட்டது, கைக்குட்டை இன்னும் குமிழில்தான் இருக்கிறது. சொல்லுங்கள், அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் என்னை நம்பி அதை அவிழ்ப்பீர்களா?