மூக்குக்கண்ணாடியின் ரப்பர்த் துண்டு

அணு உலையின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பதிவுக்காரி லேசுப்பட்டவள் இல்லை. உலையின் மூடி திறந்திருக்கும் நாட்களில் உள்ளே போகிறவர் யாரானாலும் பேனா, மோதிரம், சட்டைப் பொத்தான் வரை அவளிடம் எழுதிவைத்துவிட்டுத்தான் போகவேண்டும். போனதெல்லாம் அப்படியே திரும்பி வரவும் வேண்டும். நாற்பது வருடமாக அந்த உலை ஒரு குறையும் இல்லாமல் மின்சாரம் தருகிறதென்றால் சும்மாவா?

அன்று மூன்று மணிக்கு ஆய்வுக்குழு வருகிறது. உலையை இன்னும் இருபது வருடம் ஓட்டலாமா, இழுத்துப் பூட்டலாமா என்று முடிவு சொல்லப்போகிறவர்கள். அதற்குள் மூடியைப் போட்டாகவேண்டும். பூட்டினால் அவளுக்கும் வேலை இல்லை, அவள் புருஷனுக்கும் இல்லை.

ஒரு மணிக்கு அந்தப் புருஷனே வெளியே வந்தார். பராமரிப்புப் பொறியாளர்.

"கண்ணாடியக் காட்டுங்க."

"காலைல இருந்து மூஞ்சிலதானே இருக்கு!"

வாங்கித் திருப்பிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. மூக்கில் பதியும் ரப்பர்த் துண்டு இரண்டு என்று காலையில் எழுதியிருந்தாள். இப்போது ஒன்றுதான் இருந்தது.

"கடுகளவுதான்டி, வழியில எங்கயாவது விழுந்திருக்கும். விட்டுரு," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "மூடாம கிடக்கறதக் குழு பாத்தா நம்ம கதை முடிஞ்சுது."

"என் வேலையும்தாங்க போகும். ஆனா அது எரிபொருளுக்கு நடுவுல போய் மாட்டி, தண்ணி ஓட்டத்த அடைச்சா?"

வேலையை நிறுத்தும் மணியை அழுத்திவிட்டாள்.

எரிபொருள் மூழ்கியிருக்கும் தண்ணீருக்குள் கேமரா இறங்கியது. மூன்று மணிக்குக் குழுத் தலைவர் வந்தபோதும் மூடி கிரேனில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் இன்னும் மூடல?"

பொறியாளர் முன்னால் வந்தார். "என் கண்ணாடியில ஒரு துண்டு குறையுது சார். என் பொண்டாட்டி மூட விடமாட்டேங்கறா."

அப்போதுதான் வாசலில் இருந்த கேமராத் திரையில், எரிபொருள் கட்டின் தலையில், ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. நீண்ட கோலால் அதை எடுத்துக் கழுவி, பையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அவள் வாங்கிப் பார்த்து, இரண்டு என்று எழுதினாள்.

தலைவர் அவள் முன்னால் வந்து, தன் கண்ணாடியையும் பேனாவையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "எழுதிக்கோங்கம்மா. கண்ணாடி ஒண்ணு, ரப்பர்த் துண்டு ரெண்டு, பேனா ஒண்ணு, பேனா மூடி ஒண்ணு."

உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "இன்னும் இருபது வருஷம் இந்த அம்மா வாசல்ல இருப்பாங்களா?"

"வீட்டு வாசல்லயே கணக்குப் பாக்காம என்னை உள்ள விடமாட்டா சார், இங்கயா அசைவா?" என்றார் பொறியாளர்.

"அப்ப ஓட்டுங்க. புதுசாக் கட்டப்போற உலைங்களுக்கும் இதே மாதிரி ஆள் வேணும்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள்.

"கண்ணாடி சரி, பேனா சரி சார். மூடியையும் காட்டிட்டுப் போங்க."